ஹூட் போடாமலே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சாக்கு ஒன்றும் இல்லை, ஓய்வு கிடைத்தால் பறக்கப் போய்விடுகிறேன். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என்னைவிடத் தெளிவாகப் பார்க்கிறார்.

வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி தொடங்கும்வரை, தனியாகப் பறக்கும் சோலோ நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருந்தாய். எனக்கும் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நான் செய்வதைச் சொல்கிறேன், செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சேர்த்து.

ஹூட் என்பது வெளியே தெரியாதபடி கண்ணை மறைத்து, கருவிகளை மட்டும் பார்க்கவைக்கும் மறைப்பு. வெளியே பார்க்கப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும் என்பதால், தனியாக இருக்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் மூடிய காக்பிட்டுக்குள் உட்கார்ந்து, கருவிகளை மட்டும் நம்பி ஏறி, சுற்றி வந்து, இறங்கிக் காட்டினாரே, அன்றைக்கும் முன் இருக்கையில், பாதுகாப்புக்காக, பென் கெல்சி என்ற இன்னொரு விமானி இருந்தார். தான் எதையும் தொடவில்லை என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிய, கைகளை வெளியே தெரியும்படி வைத்திருந்தாராம். டூலிட்டிலுக்கே துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது!

ஹூட் இல்லாவிட்டாலும் செய்ய நிறைய இருக்கிறது. முன்பெல்லாம் 3000 அடி என்றால் எனக்கு 2850-ம் 3000தான், 3150-ம் 3000தான். அமெரிக்க இன்ஸ்ட்ருமென்ட் தேர்வில் உயரத்துக்கு 100 அடி, திசைக்கு 10 டிகிரி, வேகத்துக்கு 10 நாட், அவ்வளவுதான் சலுகை. நான் அதில் பாதியைக் குறியாக வைத்துக்கொண்டேன். முதல் நாளே என் வண்டவாளம் தெரிந்துவிட்டது. கையை எடுத்தாலும் விமானம் அதே நிலையில் போகும்படி டிரிம் செய்யாமல், யோக் என்ற கைப்பிடியைப் பிடித்த பிடியிலேயே உயரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், இத்தனை நாளும். இப்போது இரண்டு விரல்தான். கையை எடுத்தாலும் விமானம் அப்படியே போக வேண்டும்.

அடுத்தது கணக்கு. எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் சுற்றினால், விமானத்தின் மூக்கு எங்கே இருந்தால், என்ன வேகம், என்ன இறக்கம் என்று முழங்காலில் கட்டிய அட்டையில் எழுதி வருகிறேன். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் ஓடுதளத்துக்கு இறங்கும் 3 டிகிரி சரிவுக்கான இறக்க வேகம் வந்துவிடும். 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி. ஸ்டாண்டர்ட் ரேட் திருப்பம் நொடிக்கு 3 டிகிரி, முழுச் சுற்றுக்கு 2 நிமிடம். 90 நாட்டில் சுமார் 14 டிகிரி சாய்வு போதும். வெளியே தொடுவானத்தை வைத்துச் சாய்த்துவிட்டு, கடிகாரத்தைப் பார்க்கிறேன். முதல் சுற்று 1 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிட்டது!

விமானம் போகும் திசையைக் காட்டும் ஹெடிங் இன்டிகேட்டரைக் கிளம்பும்போது ஒருமுறை திசைகாட்டியோடு ஒப்பிட்டுவிட்டு மறந்துவிடும் ஆள் நான். அது மெல்ல விலகிக்கொண்டே போகும் என்று தெரிந்தும் சோம்பல். இப்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை, சீராக நேராகப் பறக்கும்போது, சரிசெய்கிறேன். ரேடியோவில் கன்ட்ரோலர் வேறு யாருக்காவது திசையும் உயரமும் கொடுத்தால், மனசுக்குள் நானும் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன்.

சரி, முட்டாள்தனத்துக்கு வருகிறேன். இரண்டாவது வாரம், உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டரின் முள் ஆணி அடித்தாற்போல் 3000-இல் நின்றது. பூரித்துப்போய் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் இடப்பக்கம், சற்றுக் கீழே, இன்னொரு விமானம் கடந்து போகிறது. சக்கரங்கள் தெரியும் தூரம். அவர் என்னைப் பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. என் பயிற்சியாளரிடம் சொன்னேன். திட்டவில்லை. "ஆல்டிமீட்டர் உன்மேல் வந்து மோதாது" என்றார், அவ்வளவுதான். அப்புறம் கண்ணுக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: உள்ளே ஒரு நொடி, இரண்டு நொடி, பிறகு வெளியே. மூக்கையும் சாய்வையும் வெளியே பார்த்து வைக்கிறேன், சரியாக வைத்தேனா என்று மட்டும் கருவியிடம் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் திரும்பி வரும்போது மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "50 அடிக்குள் பிடிக்கிறாயே, இதற்குள் நுழைந்தால் என்ன?" என்று உள்ளே ஒரு குரல். முன்பு இந்தக் குரல் கேட்டதில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வில், கருவிப் பறத்தல் தெரியாத 20 விமானிகளை மேகத்துக்குள் இருப்பதுபோன்ற நிலையில் பறக்கவிட்டார்கள். ஒருவர் மிச்சமில்லாமல் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில். நான் வந்த வழியே திரும்பி, வேறொரு ஓடுதளத்தில் இறங்கி, நான்கு மணிநேரம் காத்திருந்தேன்.

அடுத்த மாதம் வருகிறாயா? எரிபொருளைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வோம். ஒரு மணிநேரம் நான் ஹூட் போடுகிறேன், அடுத்தது நீ. கெல்சி மாதிரி கையைக் காட்டிக்கொண்டு வர வேண்டாம், கண் மட்டும் வெளியே இருந்தால் போதும்.

அன்புடன்,
முரளி