முஸ்கடேயும் சிப்பியும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? போன வாரம் போனில் "உன் ஓட்டல்ல தினமும் ஒயின்தானாமே" என்று நீ இழுத்த இழுப்பு எனக்குப் புரியாமல் இல்லை. குடிப்பதைவிட அடுப்பில் ஊற்றுவதுதான் அதிகம், கவலைப்படாதே. அத்தான் கேட்டதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் இருக்கும் நாந்த் நகரில், அதாவது பிரான்சின் மேற்குப் பக்கத்தில், மீன் சாப்பிட உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது முஸ்கடே. வெள்ளை ஒயின், தித்திப்பு துளியும் இருக்காது. ஊருக்குத் தென்கிழக்கே செவ்ரு, மேன் ஆறுகள் ஓடும் பக்கத்துத் திராட்சை. 1709-இல் அடித்த கடுங்குளிரில் இங்கே கொடியெல்லாம் கருகிப்போக, பனியைத் தாங்கும் ரகம் என்று பிரான்சின் கிழக்கே உள்ள பர்கண்டியிலிருந்து வந்த மெலோன் என்ற திராட்சையைப் பரவலாக நட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் அதுதான். விலை குறைவு என்பதால் சிலருக்கு இளப்பம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புட்டியில் 'சூர் லீ' என்று இருந்தால்தான் எங்கள் தலைமைச் சமையல்காரர் தொடுவார். சாறு புளித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் மண்டியாகத் தங்கும். அதை வடிக்காமல் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவைப்பதுதான் 'சூர் லீ'. மார்ச்சுக்கு முன் புட்டியில் அடைக்கக் கூடாது என்று விதியே உண்டு. குடித்தால் நாக்கில் லேசாகச் சுருக்கென்கிறது, புளிப்புக்குப் பின்னால் ரொட்டி வாசனை.

சிப்பி உடைப்பது என் வேலை. இடது கையில் தடித்த துணி, அதில் சிப்பி. ஓடுகள் சேரும் மூட்டில் குட்டைக் கத்தியைச் செருகித் திருப்பினால் 'டக்'கென்று விடும். மேல் ஓட்டோடு ஒட்டிய தசையை அறுத்து, முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சற்று நேரத்தில் தானே மறுபடி ஊறும். பச்சையாகத்தான் சாப்பிடுகிறார்கள். முகம் சுளிக்காதே! ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டியும் உப்பு வெண்ணெயும் பக்கத்தில் இருக்கும். எலுமிச்சை பிழிகிற வேலையை முஸ்கடேயே செய்துவிடும். வாசனை தூக்கலான ஒயினாக இருந்தால் சிப்பியின் கடல் ருசியை அமுக்கிவிடும்.

ஆற்று மீனுக்கு 'பெர் பிளாங்' என்ற வெண்ணெய்ச் சாறு. அது இந்தப் பக்கத்துக் கைவண்ணம். சின்ன வெங்காயம் மாதிரி ஒன்றைப் பொடியாக நறுக்கி, முஸ்கடேயும் வினிகரும் ஊற்றிச் சுண்ட விட்டு, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். அதே ஒயினைத்தான் தட்டுக்குப் பக்கத்திலும் வைப்போம்.

லீவு நாளில் கானாங்கெளுத்தி வாங்கி நீ சொன்ன பக்குவத்தில் குழம்பு வைத்தேன். குழம்பு நன்றாக வந்தது, ஆனால் முஸ்கடே அதோடு எடுபடவில்லை. மிளகாயும் புளியும் இருக்கும் இடத்தில் அது வெறும் புளித்தண்ணீர்தான். அதே மீனை மிளகாய் இல்லாமல் மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்தபோது, அடடா! அத்தான் வரும்போது அப்படித்தான் செய்துதருவேன், ஒயினை எட்டு பத்து டிகிரியில் குளிரவைத்து. உனக்கு எலுமிச்சைச் சாறு.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஊரே சிப்பி கேட்கும், கை ஒழியாது. நான் போன் எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதே, ராத்திரி வேலை முடிந்து நானே கூப்பிடுகிறேன். அம்மாவுக்கு மாத்திரைச் சீட்டு இந்த வாரமே மாற்றிவிடு.

அன்புடன்,
தம்பி