திட்டியாவது பாடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் சம்மதம் கேட்டுத்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன்னைப் போலவே வாயடைத்துப் போயிருக்கும் வேறு சிலரும் படிக்கட்டும்.

அம்மா போனதிலிருந்து தேவாரப் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். திருநீறு பூசிக்கொள்ளும்போது பொய் சொல்வதுபோல் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். காரியத்துக்கு வந்த உறவினர் ஒருவர், இன்னும் கொஞ்சம் உருகி வேண்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று உன்னிடம் சொன்னாராமே. அதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கல்லீரல்வரை பரவிவிட்ட புற்றுநோய் யாருடைய உருக்கத்தையும் கேட்டு நிற்பதில்லை. ஆறு மாதம் மாலைதோறும் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து பாடியவன் நீ. உன்னிடம் பக்திக் குறைவைக் கண்டுபிடிக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது.

நீ பாடிய அந்தப் புத்தகத்திலேயே, சுந்தரர் பாடிய ஏழாம் திருமுறையில், நாம் வீட்டில் அதிகம் பாடாத ஒரு பதிகம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். சுந்தரர் கதை உனக்குத் தெரியும். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் போயின. தடுமாறிக்கொண்டே திருவெண்பாக்கம் போய்ச் சேர்ந்து, "கோயில் உளாயே" என்று கேட்டார். இருக்கிறாயா என்று கடவுளிடமே கேட்ட கேள்வி அது. உள்ளிருந்து வந்த பதில், "உளோம் போகீர்". இருக்கிறோம், நீர் போம். அவ்வளவுதான். பார்வை கிடைக்கவில்லை, ஊன்றிக்கொள்ள ஒரு கோல் கிடைத்தது. (அந்தப் பழைய ஊர் இப்போது பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. கோயிலைப் பூண்டியில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்றே பெயர்.)

காஞ்சிபுரத்தில் இடக்கண்ணுக்குப் பார்வை திரும்பியது. ஒற்றைக் கண்ணோடு திருவாரூருக்கு வந்து நின்று அவர் பாடியதுதான் நான் சொல்லும் பதிகம். பதினொரு பாட்டும் "வாழ்ந்து போதீரே" என்று முடிகின்றன. முதல் பாட்டிலேயே இறைவனைத் திட்டுகிறார்: அடியார்கள் உள்ளுக்குள் வெந்து, முகம் வாடி வந்து துன்பத்தைச் சொன்னால் நீர் பேசாமல் இருப்பீர். நன்றாக வாழ்ந்து போம்! திருவெண்பாக்கத்தில் தன் பிழையை ஒப்புக்கொண்டவர், இங்கே "குற்றமொன்றும் செய்ததில்லை" என்கிறார். "நீரே பழிப்பட்டீர்" என்று பழியை இறைவன் தலையிலேயே போடுகிறார். பதிகத்தின் கடைசிப் பாட்டில் வழக்கமாக, இதைப் பாடுகிறவர்களுக்கு இன்ன பலன் என்று வரும். இதில் அதுவும் இல்லை. உலகறிய என் கண்ணைப் பறித்தீர் என்ற குற்றச்சாட்டோடு முடித்துவிடுகிறார்.

திருமுறைகளைத் தொகுத்தவர்கள் இந்தப் பதிகத்தை நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. உருகிப் பாடிய பதிகங்களோடு சேர்த்து இதையும் திருமுறை என்றே வைத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், உன் கோபத்துக்கு நம் மரபில் இடம் இருக்கிறது. சந்தேகம் வந்தவன் வெளியே போய்விட வேண்டும் என்று சொல்பவர்கள் இந்தப் பதிகத்தைப் படித்திருக்கமாட்டார்கள்.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். அவருக்குக் கண் கிடைத்தது, நமக்கு அம்மா கிடைக்கவில்லையே என்பாய். உண்மைதான். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. இருப்பதுபோல் நடிக்கவும் மாட்டேன். ஆனால் திருவெண்பாக்கத்திலிருந்து காஞ்சிவரை அவர் நடந்தது இருட்டில். கண் திரும்பும் என்று யாரும் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கையில் கோல் மட்டும்தான். அந்த வழியில்தான் பழையனூர் ஆலங்காட்டு இறைவனைப் பார்த்து, உன் அடியார்க்கு அடியேன் ஆவேன் என்று பாடினார். எனக்குப் பிடிமானமாக இருப்பது அந்த நடைதான். திருவாரூரில் வலக்கண் கிடைத்த கதையைப் பிறகுதான் நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கும் இப்போது பாட்டில் மனம் நிற்பதில்லை. விளக்கேற்றிவிட்டு ஒரே ஒரு பாட்டுப் பாடுகிறேன், பெரும்பாலும் இந்தப் பதிகத்திலிருந்து. சில நாள் முழுக்கோபத்தோடு, சில நாள் வெறும் உதட்டால். அதே பதிகத்தில் "விரும்பி ஆட்பட்டேன்" என்று ஒரு சொல் வருகிறது. என்னை அடகு வைத்து யாரும் இங்கே கொண்டுவந்து விடவில்லை, நானாக விரும்பித்தான் வந்தேன் என்று சண்டைக்கு நடுவே சொல்கிறார். அந்த இடம் வரும்போது மட்டும் என் குரல் என்னுடையதாக இருக்கிறது.

திருநீறு பூச மனமில்லையென்றால் பூசாதே. உருக்கம் வரவில்லையென்றால் வரவழைக்காதே. கேட்க வேண்டியதை மட்டும் கடவுளிடமே கேள், சத்தமாகக் கேள்.

அடுத்த மாதம் அம்மாவின் திதிக்கு வந்துவிடு. கோயிலுக்கு வருவதும் வராததும் உன் விருப்பம். அந்த உறவினரும் வருவார். மறுபடி அந்தப் பேச்சை எடுத்தால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா