தம்பிக்கு, ப்ரஸ்ஸல்ஸ்ல இருந்து

தம்பி, நல்லா இருக்கியா. போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேன்னு வச்சிடற, அதான் உக்காந்து எழுதறேன், மெதுவா படி. நேத்து ராத்திரிதான் அக்கா வீட்டுக்கு திரும்பினோம், அஞ்சு நாளா நானும் அம்மாவும் மட்டும் ட்ரெயின்லயே பெல்ஜியத்துல கென்ட், ப்ரூஜ், ஆன்ட்வெர்ப்னு சுத்திட்டு வந்தோம். ஸ்டேஷன் போர்டுல பிரெஞ்சுல ஆன்வேர்னு வந்தா அது ஆன்ட்வெர்ப்தான், அது தெரியாம ஒரு ட்ரெயின விட்டுட்டோம், நீ வரும்போது ஞாபகம் வச்சுக்கோ.

கென்ட்ல செயின்ட் பாவோ சர்ச்சுல வான் எய்க்னு ஒரு ஓவியர் 1432ல முடிச்ச பெரிய பலகை ஓவியம் இருக்கு, கீழ புல்தரைல ஒவ்வொரு பூவையும் தனித்தனியா வரைஞ்சிருக்கார்பா. அதுல ஒரு பலகையை 1934ல திருடிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல, அந்த இடத்துல நகல்தான் இருக்கு. அம்மா அந்த நகல் முன்னாடியே ரொம்ப நேரம் நின்னா. நம்ம ஊர் கோயில்ல காணாம போன அம்மன் ஞாபகம் வந்துருச்சாம்.

ப்ரூஜ்ல மணிக்கூண்டு 366 படி, நான் ஏறிட்டேன், அம்மா கீழ வாஃபிள் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. அந்த ஊர்ல சின்னச் சின்ன கல்லு தெரு, லாரி போய் வந்தா தாங்காதுன்னு 2016ல ஒரு ப்ரூவரிக்காரங்க பூமிக்கடியில 3 கிலோமீட்டருக்கு பைப் போட்டு பீரை பாட்டில் அடைக்கற இடத்துக்கு அனுப்பறாங்க.

ஃப்ரைஸ் ரெண்டு தடவை பொரிக்கறாங்க, அவ்ளோ மொறுமொறுப்பு. ஆனா நிறைய கடைல மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்பாங்க, அம்மா ஒவ்வொரு கடையிலயும் எந்த எண்ணெய்னு கேட்டுட்டுதான் வாங்கினா.

இப்ப நான் சொல்ல வந்தது. உன் முன்னாடி நான் ஒரு நாளும் குடிச்சதில்ல, இங்க அம்மா பக்கத்துல உக்காந்து குடிச்சேன், உங்கிட்ட மறைக்க வேணாம்னு தோணுச்சு. ப்ரஸ்ஸல்ஸ்ல கான்டியோன்னு 1900ல ஆரம்பிச்ச ப்ரூவரி, அங்க லாம்பிக்னு ஒரு பீர், அதுக்கு புளிக்க வைக்கற ஈஸ்ட்டே போடறதில்ல தம்பி. காய்ச்சின சாறை மாடில அகலமான செம்புத் தொட்டில ராத்திரி பூரா திறந்து வச்சிடறாங்க, காத்துல இருக்கறதே வந்து விழுந்து புளிக்க வைக்குது, அப்புறம் மரப்பீப்பாய்ல வருஷக்கணக்குல கிடக்குது. குளிர் மாசத்துல மட்டும்தான் காய்ச்சுவாங்களாம். கேட்டுக்கிட்டு இருக்கும்போதே எனக்கு உங்க தாத்தா வந்துட்டார், சுண்ணாம்பு தடவின கலயம் பதநீர், தடவாத கலயம் கள்ளுன்னு பனைக்கு அடியில நிக்க வச்சு சொல்லிக் குடுத்தவரு. அதுவும் தானா புளிக்கறதுதானே. பழைய லாம்பிக்கையும் புதுசையும் கலந்த கூஸ்ங்கற பீர் ஒரு கிளாஸ் குடுத்தாங்க, அம்மா ஒரு வாய் வச்சுட்டு "நீராகாரம் மாதிரி புளிக்குதுங்க"ன்னா, அதேதான்.

இங்க ஒவ்வொரு பீருக்கும் தனி கிளாஸ், யாரும் அவசரப்படறதில்ல, ஒண்ண வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசறாங்க. எங்கப்பா கூட நான் அப்படி உக்காந்து பேசினதே இல்ல, அவர் போனப்புறம்தான் அது உறைச்சுது. உனக்கும் எனக்கும் அப்படி ஆகக் கூடாதுப்பா.

ரெண்டு கிளாஸ் வாங்கி வச்சிருக்கேன். அடுத்த குளிருக்கு பத்து நாள் லீவு கேளு, பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு பாத்து சொல்லு.

அப்பா