அடுப்படியில் பத்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். போன வருடம் ஒரு அலுவலகத்தில் சிங்களப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் திரும்பி வந்தேன். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அந்த மேசைக்கு மட்டும் செய்தி போகவில்லை போலும். சரி, நாமே சிங்களம் படிப்போம் என்று மகளின் பழைய கொப்பியை எடுத்தேன்.

இரவு ரொட்டி சுட்ட பிறகு பத்து நிமிடம், ஒரு எழுத்து. கறை பிடித்த விரலில் பென்சில் நிற்காது. ‘க’ மட்டும் ஒரு கிழமையைத் தின்றது. போன மாதம் பஸ் பலகையில் சிங்களத்தில் ‘நுவரெலியா’ என்று வாசித்துவிட்டு, கேட்காமலே பக்கத்து ஆளிடம் சொன்னேன்.

அதே படிவத்தை நிரப்ப மறுபடி போகிறேன். அங்கே தமிழ்ப் படிவமும் வைத்தால் என் அம்மாவுக்கும் உதவும்.

வாசகி ஒருவர்,
ஹட்டன்