காம்பாக்டருக்கு ஒரே வாய்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எருக்கஞ்சேரியில் இருபத்திரண்டு வருஷமாகச் சின்னதாக ஒரு டிபன் கடை நடத்துகிறேன். காலையில் இட்லி, பொங்கல், வடை, மதியம் சாப்பாடு. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. கடல் காற்று ஏறும் சாயங்காலங்களில் எங்கள் வடை வாசனையை முந்திக்கொண்டு அந்த வாசனை வந்து உட்கார்ந்துவிடும்.

கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைப் பற்றி ஆதரவாகவும் எதிர்ப்பாகவும் நிறையப் படித்துவிட்டேன். எனக்கு அதில் ஒரு சந்தேகம். சென்னையில் ஒரு நாளைக்குச் சேரும் 5,000 டன்னுக்கும் மேலான குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. சோறு, இலை, காய்கறித் தோல், இளநீர்க் கூடு. நனைந்த விறகை வைத்து அடுப்புப் பற்றவைத்த யாரைக் கேட்டாலும் இதில் என்ன சிக்கல் என்று சொல்வார்கள். கலந்த குப்பையை அப்படியே குவித்தாலும் நிம்மதியில்லை. காற்றுப் போகாமல் அழுகும்போது மீத்தேன் கிளம்பும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிரித்துக் கொடுங்கள் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. சரி, நானும் பிரிக்கிறேன். கடைக்குப் பின்னால் இரண்டு டிரம். ஒன்றில் எச்சில் இலை, காய்கறித் தோல், டீத்தூள். இன்னொன்றில் அட்டை, கவர், பாட்டில். பேட்டரி வண்டியில் வருகிற பெண் அவளுடைய பச்சைத் தொட்டியிலும் நீலத் தொட்டியிலும் தனித்தனியாகத்தான் கொட்டிக்கொள்கிறாள். கையுறையில் இரண்டு விரல் கிழிந்திருக்கும். அதோடுதான் இலையை அள்ளுகிறாள். ஒரு நாள் கறிவேப்பிலை வாங்கப் போனபோது தெருமுனையில் பார்த்தேன். காம்பாக்டர் லாரி நிற்கிறது. பச்சைத் தொட்டி உள்ளே போனது, பின்னாலேயே நீலத் தொட்டியும் அதே வாய்க்குள் போனது. தகடு இறங்கி நசுக்கியது. கீழே கறுப்பாகத் தண்ணீர் ஒழுகியது.

மறுநாள் அவளிடம் கேட்டேன். "நாங்க பிரிச்சுதான் வாங்குறோம்க்கா. அங்க கொட்டும்போது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வீட்டில் பிரி, வண்டியில் பிரி என்று சொல்லிவிட்டு லாரியில் கலப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்.

கடை ஆரம்பித்த காலத்தில் என் ஈரக் குப்பை எங்கேயும் போனதில்லை. வியாசர்பாடியிலிருந்து ஒரு எருமைக்காரர் வருவார். கழனித் தண்ணீர், மிச்சச் சோறு, காய்த்தோல் எல்லாம் அவருக்கு. பொங்கலுக்கு அரைப்படி சீம்பால் கொண்டுவந்து கொடுப்பார். எருமைகள் போயின, அவரும் போனார். ஆனால் பேப்பரும் அட்டையும் இன்றைக்கும் காய்லான் கடைக்குத்தான் போகின்றன. விலை இருக்கிற எதுவும் கொடுங்கையூர் போவதில்லை என்பது என் கணக்கு.

இதை அரசும் அறியாமல் இல்லை. காட்டில் வீசிய மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் கேட்ட பிறகு, 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. வீசிய கையே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது. குடிக்கிற பாட்டிலுக்குச் செய்ததைத் தண்ணீர் பாட்டிலுக்கும் பால் கவருக்கும் மாநிலம் முழுக்கச் செய்தால் என்ன?

ஈரக் குப்பைக்கும் விலை உண்டு, கலக்காமல் இருந்தால். சேத்துப்பட்டில் அதிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையே இருக்கிறது. வழி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஒரு உரக்கூடம் கட்டினார்கள். நான் போகும்போதெல்லாம் பூட்டுத்தான் தொங்குகிறது. ஈரக் குப்பை வார்டைத் தாண்டக் கூடாது என்று அரசு ஒரே ஒரு உத்தரவு போடட்டும். உரத்தைப் பூங்காக்களுக்கும் வேளாண் துறைக்கும் அரசே விலைக்கு எடுக்கட்டும். ஒவ்வொரு வார்டும் கலக்காத ஈரக் குப்பை எத்தனை கிலோ கொடுத்தது என்று மாதாமாதம் பலகையில் எழுதட்டும். கொடுங்கையூரில் பழைய குப்பை 60 லட்சம் டன்னுக்கு மேல் சேர்ந்திருந்தது. பயோமைனிங் என்று அதைக் கிளறி எடுக்கக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறோம். கிளறுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கொட்டவும் செய்கிறோம்.

என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. மஞ்சப்பையும் வந்தது. ஆனால் மஞ்சப்பையில் சாம்பார் ஊற்ற முடியாதே! இன்னமும் கவரில் கட்டித்தான் கொடுக்கிறேன். போன தையிலிருந்து தூக்கு கொண்டுவந்தால் ஒரு இட்லி கூடுதல் என்று எழுதிப் போட்டிருக்கிறேன். அறுபது பார்சலில் பதினாலு பேர் கொண்டுவருகிறார்கள். பாதிப் பேர் வயசானவர்கள். ஒரு ஐடி பையன் மட்டும் ஜிம்முக்கு எடுத்துப்போகிற ஷேக்கரை நீட்டி அதில் சாம்பார் வாங்கிப் போகிறான்.

அப்புறம், அந்த காம்பாக்டருக்குள் நடுவில் ஒரு தகடு வைத்து இரண்டாகத் தடுக்க எவ்வளவு ஆகும் என்று எங்கள் தெரு வெல்டிங் கடைக்காரரிடம் விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கக்கா, அளந்து பார்த்துச் சொல்றேன்" என்றார்.

இப்படிக்கு,
டிபன் கடைக்காரி ஒருத்தி,
எருக்கஞ்சேரி, சென்னை.