பிலிரூபின் 1.9னு வந்தா உடனே பத்தியமா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்கு சேரணும்னா மெடிக்கல் டெஸ்ட் எடுக்க சொல்றாங்க, அதுல எங்க அக்கா பையனுக்கு டோட்டல் பிலிரூபின் (ரத்தத்துல இருக்கிற மஞ்சள் கழிவோட மொத்த அளவு) 1.9னு, நார்மலை விட ஜாஸ்தியா வந்துச்சு. லேப்ல அதை மட்டும் தடிமனா அடிச்சு கையில குடுத்துட்டாங்க, ஒரு வார்த்தை விளக்கம் இல்ல. வீட்ல மஞ்சகாமாலைனே முடிவு பண்ணி கீழாநெல்லி சாறும் உப்பில்லா கஞ்சியும் மட்டும் குடுத்து, எண்ணெய் தாளிப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. மறுபடி டெஸ்ட் எடுத்தா 2.6! அக்கா அழுதே தீத்துட்டாங்க.

அப்புறம் கிருஷ்ணகிரியில ஒரு டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கினதும் டைரக்ட் (ஈரல் பக்குவம் பண்ணி முடிச்ச பிலிரூபின்) எவ்வளவுன்னுதான் முதல்ல பாத்தாரு. அது 0.3 தான், மீதி பூரா இன்டைரக்ட், அதாவது ஈரல் இன்னும் பக்குவம் பண்ணாதது. ஈரல் பாதிப்பை காட்டுற எஸ்ஜிபிடி, ரத்த அளவை காட்டுற ஹீமோகுளோபின் ரெண்டும் நார்மல். இது கில்பர்ட் சிண்ட்ரோமா இருக்கும், பிறவியிலயே வர்றது, மருந்தே வேணாம்னுட்டாரு. நம்ம ரத்த சிவப்பணு சுமார் 120 நாள்ல உடையுது, அதுல வர்ற மஞ்சள் கழிவுதான் பிலிரூபின், அதை ஈரல் பக்குவம் பண்ணி பித்தத்துல தள்ளணும், இவங்களுக்கு அந்த என்சைம் கொஞ்சம் மெதுவா வேலை செய்யுது அவ்வளவுதான். பட்டினி கெடந்தா, காய்ச்சல் வந்தா, ராவெல்லாம் தூங்காம இருந்தா அளவு ஏறும். ஆக, பையனுக்கு ஏத்திவிட்டதே அந்த கஞ்சி பத்தியம்தான், கூத்தை பாருங்க!

அதுக்காக எல்லாத்தையும் லேசா விட சொல்லல. இன்டைரக்ட் மட்டும் ஏறி ஹீமோகுளோபினும் கம்மியா இருந்தா ரத்த அணு சீக்கிரம் உடையுதான்னு பாக்கணும், சிக்கில் செல், தலசீமியா மாதிரி பரம்பரை ரத்த நோய் இருக்கலாம். டைரக்ட் ஏறினா விஷயமே வேற, பித்தப்பை கல்லு குழாயை அடைச்சிருக்கலாம், ஈரல்ல கிருமி இருக்கலாம். மூத்திரம் டிகாஷன் கலர்ல, மலம் வெளுத்து, ஒடம்பு அரிப்போ காய்ச்சலோட வலியோ இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும், நாட்டு மருந்து, மந்திரிக்கிறதுன்னு அலையக்கூடாது. பொறந்த குழந்தைக்கு பெரியவங்களோட நார்மல் அளவே பொருந்தாது, அதுக்கு தனி கணக்கு, காலை வெயில்ல காட்டினா போதும்னு யாரும் வீட்லயே வெச்சிக்க வேணாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி லேப்காரங்களுக்கு உங்க பேப்பர் மூலமா ஒரு கோரிக்கை, டோட்டல் ஏறியிருந்தா டைரக்ட், இன்டைரக்ட் ரெண்டையும் பிரிச்சு போட்டு குடுங்க, கூடவே "டாக்டரை பாருங்க, பட்டினி வேணாம்"னு தமிழ்ல ஒரு வரி அடிச்சா இன்னும் நல்லது. கம்பெனிக்காரங்களும் ஒத்த நம்பரை வெச்சு பையனுங்க வேலை ஆர்டரை நிறுத்தி வெக்காதீங்க, டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டு வாங்குங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்