ஆதார் கேட்காமல் ஓர் இரவு

நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ட்ரல், வால்டாக்ஸ் சாலைப் பக்கம் இரவு 10 மணிக்கு மேல் பிளாஸ்கும் பன்னுமாகச் சுற்றுகிற தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. போன வாரம் மழையில் நடந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. அதனால் நானே எழுதுகிறேன்.

அங்கே நடைபாதையில் படுக்கிற ஒரு பையன். 19 வயது. கேட்டரிங் வேலை, முகூர்த்த நாளில் மட்டும் கூலி. எங்களோடு பேச ஆரம்பிக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. முதல் சில வாரம் டீயை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவான். நாங்களும் ஊர், பேர் கேட்பதில்லை. கேட்டால் மறுநாள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர்கள் யாரையும் சட்டென்று நம்ப மாட்டார்கள். அப்படிப்பட்டவன் அன்றைக்கு அவனாகவே கேட்டான்: "அக்கா, எங்கயாவது உள்ள படுக்க இடம் கிடைக்குமா?"

பக்கத்துக் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ராத்திரி பதினொன்றரை. வாசலில் இருந்தவர் கதவைப் பாதி திறந்து, "ஆதார் இருக்கா?" என்றார். எடுத்ததே இல்லை என்றான் பையன். 11 வயதில் வீட்டை விட்டு வந்தவன். "அப்போ நாளைக்கு எடுத்துட்டு வா." கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நான்கைந்து பாய் சும்மா கிடந்ததை நாங்கள் இருவருமே பார்த்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. "பரவால்லக்கா" என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னான். அதற்கப்புறம் மூன்று இரவு தேடியும், வழக்கமாகப் படுக்கிற கடை வாசலில் அவன் இல்லை.

ஆதாருக்கு முகவரிச் சான்றாக, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழும் செல்லும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆக, ஆதார் எடுக்கக் காப்பகத்தில் இருக்க வேண்டும், காப்பகத்தில் இருக்க ஆதார் வேண்டும். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

நான் கேட்பது ஒன்றுதான். ராத்திரி வருகிறவனை ஆதார் கேட்காமல் படுக்க விடுங்கள். காலையில் அந்தச் சான்றிதழை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

18 ஆகாதவன் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. இல்லத்தில் வளர்ந்து 18 முடிந்து வெளியே வருகிறவர்களுக்குக்கூட 21 வரை உதவி தொடர, பின்காப்பு என்று ஒன்று அதே சட்டத்தில் உண்டு. இவன் வளர்ந்தது நடைபாதையில். அதனால் எந்தப் பட்டியலிலும் வர மாட்டான். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. திறந்திருக்க வேண்டியது கதவுதான் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பெரிய விருந்தினர் யாராவது ஊருக்கு வருகிற வாரத்தில் மட்டும் இந்தப் பிள்ளைகள் எல்லார் கண்ணிலும் பட்டுவிடுகிறார்கள். வேன் வருகிறது, நடைபாதை பளிச்சென்று ஆகிறது. அப்போது ஆதார் யாரும் கேட்பதில்லை! ஓர் இரவில் எங்கள் இரண்டு மாத டீயும் வீண். மறுபடி முதலிலிருந்து, பேர் கேட்காமல், தள்ளி உட்கார்ந்து ஆரம்பிக்க வேண்டும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் ஊழியர்கள் குறைந்த ஆட்களோடு நிறைய வேலை பார்க்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். வாசலில் இருந்தவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை; அவருக்குச் சொல்லப்பட்டதைத்தான் அவர் சொன்னார். அந்த உத்தரவை மாற்றுங்கள் என்றுதான் பணிவோடு கேட்கிறேன். முதலில் பாய், ஆதார் அப்புறம்.

சான்றிதழ்ப் படிவத்தில் நூறு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். எந்தக் காப்பகத்தில், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரவு டீ கொண்டுவரும் அக்காக்களில் ஒருத்தி